பாதுஷாவுக்கு மூன்று கோடு

தாம்பரம் மார்க்கெட்டில் ஜாபரை ஏமாற்றியதாகச் சொல்லிக்கொள்ள ஒருத்தரும் கிடையாது. ஏமாற்றப் பார்த்தவர்கள் உண்டு. அவர்கள் எல்லாரும் திரும்பிப் போகும்போது கையில் ஒரு டப்பாவோடுதான் போனார்கள், அதற்கு உண்டான காசையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். இருபத்தெட்டு வருஷமாக டப்பா வியாபாரம். எவர்சில்வர் தூக்கு, அரிசி டிரம், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, ஐஸ் பெட்டி, தண்ணீர்க் குடம். உலகத்தில் உள்ள சாமான் எல்லாம் ஏதாவது ஒன்றுக்குள் போய்த்தான் ஆகவேண்டும், அந்த ஏதாவது ஒன்று நம்மிடம் இருக்கிறது என்பது அவர் கட்சி.

அப்பேர்ப்பட்ட மனிதர், 2008 நவம்பர் கடைசி வியாழக்கிழமை விடிகாலையில், சேலையூர் வீட்டுச் சமையலறையில், தன் கடையிலேயே விலை கூடின ஐஸ் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வாயடைத்து நின்றார். உள்ளே ஆறு இன்சுலின் பாட்டில்கள். ஆறும் உறைந்து கல்லாகிக் கிடந்தன.

இன்சுலின் வீட்டில் யாருக்கும் இல்லை. பூனைக்கு.

பூனை ஜாபருடையதும் இல்லை. அவருடைய அக்கா மைமூனுடையது. பத்து வயசு, சாம்பல் உடம்பு, வெள்ளை மார்பு, பெயர் பாதுஷா. சின்ன வயசில் பாதுஷா இனிப்பு மாதிரி உருண்டையாக மினுமினுவென்று இருந்ததால் வைத்த பெயர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதற்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தபோது, "பேர் வைக்கும்போதே யோசிச்சிருக்கணும்" என்று சொல்லி அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் ஜாபர்.

இந்த வருஷம் மைமூனுக்கும் அவள் புருஷனுக்கும் ஹஜ்ஜுக்குப் போக இடம் கிடைத்தது. மைமூன் முரண்டு பிடித்தாள். நாற்பது நாள் பாதுஷாவுக்கு யார் ஊசி போடுவது. ஒரு வாயில்லா ஜீவனை இங்கே சாகவிட்டுவிட்டு அங்கே போய் நான் என்ன துஆ கேட்பது. மச்சான் கெஞ்சினார், கோபப்பட்டார், மூன்று நாள் சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தார். கடைசியில் ஜாபர்தான் நெஞ்சைத் தட்டினார்.

"அக்கா, மார்க்கெட்ல அத்தனை பேரை மேய்க்கிறேன், ஒரு பூனையை மேய்க்க மாட்டேனா. நீ திரும்பி வரும்போது அவன் வாசல்ல உட்கார்ந்திருப்பான். இது என் வாக்கு."

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் மைமூன் விமானம் ஏறினாள். ஏறுவதற்கு முன்னால் பாடம் நடத்தினாள். காலை ஆறு மணி, மாலை ஆறு மணி, சிவப்பு மூடி போட்ட ஊசியில் மூன்று கோடு. மருந்து ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டில் இருக்கவேண்டும், ஃப்ரீசர் பக்கம் போகவே கூடாது. குலுக்கக் கூடாது, உள்ளங்கையில் வைத்து உருட்டவேண்டும். திறந்த பாட்டில் ஒரு மாசம்தான், அப்புறம் தூக்கிப் போட்டுவிடவேண்டும்.

"பாதிக்கு மேல மிச்சம் இருக்குமே அக்கா."

"இருக்கட்டும். போட்டுடு. புதுசு ஒண்ணு வாங்கிக்கோ."

ஒன்றா? ஜாபர் ஜன்மத்தில் எதையும் ஒன்றாக வாங்கியதில்லை. தெரிந்த மொத்த வியாபாரியிடம் பேசி, அக்கா வைத்துவிட்டுப் போன ஒன்றோடு சேர்த்து ஆறாக இருக்கட்டும் என்று ஐந்து பாட்டிலாக எடுத்து, சில்லறை விலையில் கால்வாசியைக் குறைத்துக்கொண்டு வந்தார். சிவப்பு மூடி ஊசியும் பெட்டியோடு வந்தது. ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து அந்த அடுக்கைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குத் தன் மேலேயே ஒரு மரியாதை வந்தது.

மழை திங்கட்கிழமை பிடித்தது. புதன்கிழமை மத்தியானம் கேம்ப் ரோடில் முழங்கால் தண்ணீர். டிரான்ஸ்ஃபார்மர் ஒரு தடவை டப்பென்று சத்தம் போட்டுவிட்டு அடங்கியது. ஃப்ரிட்ஜ் ஓய்ந்தது.

"ஒரு மண்சட்டியில தண்ணி ஊத்தி அதுக்குள்ள நிக்க வச்சா போதுங்க" என்றாள் ஜாபரின் மனைவி சித்திகா. "மழைக்குத்தான் ஜில்லுனு இருக்கே."

"ஆறு பாட்டில் சித்திகா. அக்கா வர்றவரைக்கும் உள்ள மருந்து. மண்சட்டியாம்."

கடைக்குப் போனார். இருந்ததிலேயே பெரிய ஐஸ் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, மீன் மார்க்கெட்டில் ஐஸ் வாங்கினார். வாங்கியதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவரிடம் பெட்டி வாங்குகிற குல்ஃபிக்காரர்கள் எல்லாரும் ஐஸோடு கல்லுப்பு கலப்பார்கள். உப்பு சேர்ந்தால் ஐஸ் இன்னும் கடுங்குளிராகும், குல்ஃபி உருகாது. அந்தத் தொழில் ரகசியம் ஜாபருக்கு அத்துப்படி. இரண்டு கிலோ கல்லுப்பைக் கலந்து, நடுவில் ஆறு பாட்டிலையும் புதைத்து, மூடியை அழுத்திப் பூட்டினார். அக்கா ஃப்ரீசரில்தானே வைக்கக்கூடாது என்றாள். இது ஐஸ் பெட்டி.

இப்போது வியாழக்கிழமை காலை ஆறு மணி. பெட்டியின் தரத்தைக் குற்றம் சொல்ல வழியில்லை.

பாதுஷா காலடியில் வந்து உட்கார்ந்து, ஊசிக்கு முந்திக் கிடைக்கிற வேகவைத்த கோழிக்காக அண்ணாந்து பார்த்தது. ஜாபர் ஒரு பாட்டிலை எடுத்து உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் உருகியது. பால் கலந்த தண்ணீர் மாதிரி எப்போதும் இருக்கிற மருந்துதான். ஓரமாகக் கண்ணாடியில் மட்டும் ஏதோ பொடித்துகள் ஒட்டியிருந்தது, திரிய ஆரம்பித்த பால் போல. உருட்டினார். இன்னும் உருட்டினார். துகள் பாதி கரைந்த மாதிரி இருந்தது, அல்லது கரைந்ததாக அவர் வைத்துக்கொண்டார்.

"இது சரியா இருக்குமாங்க?" என்றாள் சித்திகா.

"தேங்காய் எண்ணெய் உறைஞ்சு உருகினா தலையில தேய்க்க மாட்டியா? அதேதான்."

டப்பா வியாபாரத்தில் கெட்டுப்போன சரக்கு என்று ஒன்று கிடையாது. நெளிந்த தூக்கும் சோறு பிடிக்கும், விலைதான் கொஞ்சம் இறங்கும். அந்தப் பழக்கத்தில்தான் மூன்று கோடு இழுத்து ஊசியைப் போட்டார். மாலையிலும் போட்டார். வெள்ளிக்கிழமை காலையிலும்.

மருந்து போய்ச் சேர்ந்த லட்சணம் வெள்ளிக்கிழமை தெரிந்தது. பாதுஷா தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகரவில்லை. குடித்தது, ஒன்றுக்குப் போனது, திரும்ப வந்து குடித்தது. கோழியை மோந்துகூடப் பார்க்கவில்லை. ஜும்ஆ தொழுகை முடிந்து ஜாபர் வீட்டுக்குத் திரும்பியபோது அது எழுந்து வர முயன்றது. பின்னங்கால் இரண்டும் குதிகால் தரையில் பட, வழுக்கி வழுக்கி நடந்தது. இரண்டு அடி வந்து படுத்துவிட்டது. சித்திகா அதைத் தூக்கி மடியில் வைத்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"வாயில ஒரு வாடை வருது. பழம் அழுகின மாதிரி."

மழையில் நனைந்து வந்த ஜாபருக்கு அப்போதுதான் குளிர் தெரிந்தது. செல்போனில் ஒரே ஒரு கோடு சார்ஜ் இருந்தது. பீர்க்கன்கரணையில் இருக்கிற மாட்டு டாக்டர் ஞானஜோதிக்கு அடித்தார். அந்த அம்மாள் எல்லா மிருகத்துக்கும் பார்க்கிறவர்தான், ஜாபர் மட்டும்தான் அவரை மாட்டு டாக்டர் என்பார்.

எத்தனை வேளை ஊசி போட்டார் என்று மட்டும் டாக்டர் கேட்டுக்கொண்டார்.

"உறைஞ்ச இன்சுலின் செத்த இன்சுலின் ஜாபர் சார். நீங்க மூணு வேளையா தண்ணியைப் போட்டிருக்கீங்க."

"கரண்ட் இல்லையே டாக்டர். கெட்டுப்போயிடக் கூடாதேன்னுதான்..."

"இந்த மழைக்காலத்துல சும்மா அலமாரியில வச்சிருந்தாலே ஒரு மாசம் நின்னிருக்கும். வெயில் அதை மெல்ல மெல்லக் கெடுக்கும். ஐஸ் ஒரே ராத்திரியில கொன்னுடும்."

ஜாபர் சித்திகாவைப் பார்க்கவில்லை. அவள் பார்க்கிறாள் என்பது பிடரியில் தெரிந்தது.

"வாயில வாடை வருதுன்னா நேரம் இல்ல" என்றார் டாக்டர். "ஏரி உடைஞ்ச மாதிரி தண்ணி போகுது, என்னால தெருவைத் தாண்ட முடியாது. என்கிட்ட இன்சுலினும் இல்ல. பழைய பாட்டிலைக் காட்டி அதையே புதுசா வாங்குங்க. இன்னிக்குச் சாயங்காலம் உள்ள போயாகணும். நாளைக்குன்னு விட்டீங்கன்னா, அப்புறம் மருந்து இருந்தும் பிரயோஜனம் இல்ல."

போன் உயிரை விட்டது.

பழைய பாட்டிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஜாபர் இறங்கினார். தெருமுனையில் ஒரே ஒரு ஆட்டோ. டிரைவர் தனக்கோடி, காலை சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

"தாம்பரம் போகணும் தம்பி. மருந்துக் கடை."

"இன்னா சார், தாம்பரமே தண்ணியில மெதந்துகினு கீது. யாருக்கு முடியல?"

"வீட்டுல ஒருத்தருக்கு. சுகர்."

"எங்க அம்மாவுக்கும் சுகர்தான். குந்து சார்."

பூனை என்று சொல்ல ஜாபருக்கு வாய் வரவில்லை. வழக்கமாக ஆட்டோவில் ஏறுவதற்கு முன்னால் ஒரு கால் மணி நேரம் பேரம் பேசுகிறவர், அன்றைக்கு ஏறி உட்கார்ந்த பிறகுதான் பேசினார். மேற்கிலும் கிழக்கிலுமாக ஐந்து கடை பார்த்தார்கள். மூன்று பூட்டிக் கிடந்தது. ஒன்றில் தண்ணீர் புகுந்து சரக்கெல்லாம் மேஜை மேல் ஏறியிருந்தது. இன்னொன்றில் இருந்த கடைசிப் பாட்டிலை அப்போதுதான் ஒரு பெரியவர் வாங்கிக்கொண்டு போனாராம். ஆட்டோ திரும்பி வருகிற வழியில் இருமித் தண்ணீர் குடித்துவிட்டு நின்றது. ஜாபர் காசைக் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். மணி ஐந்து.

கேம்ப் ரோடில் கொஞ்சம் மேடான இடத்தில் ஒரு சின்ன மெடிக்கல்ஸ் திறந்திருந்தது. கடைக்காரர் ஜெயவேலு, நாற்பது வயசு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் நாலைந்து பேருக்கு ஒரே நேரத்தில் கொசுவத்தியும் காய்ச்சல் மாத்திரையும் கொடுத்துக்கொண்டிருந்தார். ஜாபர் பாட்டிலை நீட்டினார். ஜெயவேலு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது இல்ல சார். இதே கம்பெனி, இதே மருந்து, சின்னதுல இருக்கு. பேனா மாதிரி இருக்கிற இன்சுலின் ஊசியில போடற குப்பி. மூணு மில்லி."

விரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குப்பியைக் காட்டினார். ஜாபருக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் வியாபாரியும் கூடவே வந்துவிட்டான்.

"அதே மருந்துதானே?"

"அதேதான் சார். இதுல..."

"டப்பாதான் வேற, உள்ள இருக்கிறது ஒண்ணு. இதை நான் தினம் நூறு பேருக்குச் சொல்றேன். விலையைச் சொல்லுங்க."

ஜெயவேலு சொன்னார். ஜாபர் சிரித்தார். பத்து மில்லி பாட்டிலே இதைவிடக் குறைச்சல், மூணு மில்லிக்கு இந்த விலையா, ரெண்டு நாளா ஃப்ரிட்ஜ் ஓடாத கடையில வேற யார் வந்து இதை வாங்கப் போறாங்க, நானே இதே தெருக்காரன், நாளைக்கு உங்களுக்கு மாத்திரை போடற டப்பா வேணும்னா யார்கிட்ட வருவீங்க. பின்னால் ஒரு அம்மாள் குளுக்கோஸ் பாக்கெட் கேட்டு அலுத்துக்கொண்டிருந்தாள். ஜெயவேலு அட்டையில் போட்டிருந்த விலையில் பத்து சதவீதம் இறங்கினார். குப்பியைக் காகிதப் பையில் போடும்போது சொன்னார்.

"இதுக்கு ஊசி வேற சார். ஆரஞ்சு மூடி வாங்கணும்."

ஜாபர் தலையை ஆட்டிப் புன்னகைத்தார். இந்த ஆட்டத்தை அவர் எத்தனை பேரிடம் ஆடியிருக்கிறார். விலையில் விட்டதைக் கூடுதல் சாமானில் பிடிப்பது.

"வீட்டுல பெட்டி பெட்டியா சிவப்பு மூடி இருக்கு. மூடி கலர்ல என்னங்க வந்துடுச்சு, நானே மூடி விக்கிறவன்."

ஜெயவேலு ஒரு விநாடி அவரைப் பார்த்தார். பிறகு குளுக்கோஸ் அம்மாளிடம் திரும்பினார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஆறு ஆகப் பத்து நிமிஷம். பாதுஷா ஒரு பழைய துண்டில் கிடந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. சித்திகா மெழுகுவத்தியை ஏற்றித் தரையில் வைத்தாள். ஜாபர் கையைத் துடைத்துக்கொண்டு, குப்பியை உள்ளங்கையில் உருட்டினார். துகள் இல்லை. அழகாகப் பால் போல இருந்தது. சிவப்பு மூடியைக் கழற்றி, ஊசியைக் குப்பியின் ரப்பரில் குத்தி, மூன்று கோடு இழுத்தார்.

"சீக்கிரம் போடுங்க" என்றாள் சித்திகா. அவள் பூனையின் தோள்பட்டைத் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்திருந்தாள்.

ஜாபர் குனிந்தார். ஊசி முனை ரோமத்துக்குள் போயிற்று.

அப்போது அவருக்கு ஜெயவேலுவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. அந்த ஒரு விநாடிப் பார்வை. ஏதோ உறுத்தியது. என்ன என்று பிடிபடவில்லை.

டப்பா வாங்க வந்தவனிடம் கூட ஒரு மூடியை விற்பது எப்படி என்று ஜாபருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். முதலில் பேச்சோடு பேச்சாக ஒரு தடவை சொல்லவேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட்டு, சாமானைக் கட்டும்போது இரண்டாம் தடவை. காசை வாங்கிக் கல்லாவில் போடும்போது மூன்றாம் தடவை, அதுவும் ஐந்து ரூபாய் இறக்கி. மூன்றாம் தடவையில் பத்துக்கு ஏழு பேர் விழுவார்கள். எந்தக் கடைக்காரனும், புத்தி இருக்கிற எந்தக் கடைக்காரனும், ஒரு தடவை சொல்லிவிட்டு ஓய மாட்டான்.

ஜெயவேலு ஒரு தடவைதான் சொன்னார். விலையை இறக்கவில்லை. ஊசியை எடுத்துக்கூடக் காட்டவில்லை.

அப்படியென்றால் அவர் விற்கவில்லை.

"என்னங்க, போடலையா?"

ஜாபர் ஊசியை வெளியே இழுத்தார். உள்ளே இருந்த மருந்து ஒரு சொட்டும் இறங்கவில்லை. மெழுகுவத்தியைப் பக்கத்தில் இழுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குப்பியின் மேல் எறும்பு வரிசை மாதிரி இருந்த எழுத்தைப் படித்தார். ஒரு மில்லிக்கு நூறு யூனிட். சட்டைப்பையிலிருந்து பழைய பாட்டிலை எடுத்தார். ஒரு மில்லிக்கு நாற்பது. ஊசியைத் திருப்பிப் பார்த்தார். அதன் உடம்பிலும் சின்னதாக நாற்பது.

கணக்கு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"இது ரெண்டரை மடங்கு காரம் சித்திகா. மூணு கோடு போட்டிருந்தா மூணு யூனிட்டுக்குப் பதிலா ஏழரை போயிருக்கும்."

சித்திகா பூனையின் தோலை விட்டுவிட்டு அதன் தலையில் கையை வைத்துக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: "அப்ப குறைச்சுப் போட்டா ஆச்சு. ஒரு கோடு."

"ஒண்ணேகால் கோட்டுக்கும் கொஞ்சம் குறைச்சல் வரும்." ஜாபர் ஊசியை வெளிச்சத்தில் பிடித்தார். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை. அதற்குள் கால் கோட்டை எங்கே நிறுத்துவது. அரிசி டிரம்மில் அப்படி இப்படி அளக்கலாம். இவன் மொத்தமே ஐந்து கிலோ.

ஊசியை மூடிவைத்துவிட்டு எழுந்தார். குப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இருட்டுது. கடையைச் சாத்தியிருப்பாங்க."

"தட்டித் திறக்க வைக்கிறேன்."

ஷட்டர் இறங்கித்தான் இருந்தது. ஜாபர் தட்டினார். பக்கத்து இட்லிக் கடைக்காரர், ஜெயவேலு வீடு கடைக்குப் பின்னாலேயே இருக்கிறது என்று சந்தைக் காட்டினார். சந்தில் இடுப்பளவு இருட்டும் முழங்காலளவு தண்ணீரும். கதவைத் திறந்த ஜெயவேலுவின் கையில் சாப்பாட்டு ஈரம்.

"ஆரஞ்சு மூடி வேணும்" என்றார் ஜாபர்.

"நான் அப்பவே சொன்னேனே சார்."

"ஒரு தடவைதானே சொன்னீங்க."

ஜெயவேலுவுக்குக் கோபம் வந்தது. "பின்ன எத்தனை தடவை சொல்றது? சொன்னதுக்கே என்னமோ நான் உங்க தலையில மிளகாய் அரைக்கிற மாதிரி சிரிச்சீங்க."

"நான்னா மூணு தடவை சொல்லுவேன்."

"போட்டுட்டீங்களா?" ஜெயவேலுவின் குரல் மாறிப்போயிற்று. "சார், போட்டுட்டீங்களான்னு கேக்கறேன்."

"இல்ல. முனை வரைக்கும் போச்சு."

ஜெயவேலு பெருமூச்சு விட்டார். கையைக் கழுவிக்கொண்டு வந்து பின்பக்கமாகக் கடையைத் திறந்தார். டார்ச் வெளிச்சத்தில் ஆரஞ்சு மூடி ஊசிகளை எடுத்தவர், கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"பேஷன்ட்டுக்கு என்ன வயசு?"

ஜாபர் தொண்டையைச் செருமினார். "பத்து."

"பத்து வயசுப் புள்ளைக்கா நீங்க பேரம் பேசினீங்க?"

"புள்ளை இல்ல. பூனை."

ஜெயவேலு டார்ச்சை ஜாபர் முகத்துக்கு நேரே பிடித்தார். சிரிக்கப் போகிறார் என்று ஜாபர் எதிர்பார்த்தார். சிரித்தால் வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தார்.

"பூனைன்னா இன்னும் மோசம்" என்றார் ஜெயவேலு. "மனுஷன்னா மயக்கம் வருதுன்னு வாயால சொல்லுவான். டாக்டர் நம்பர் இருக்கா? என் லேண்ட்லைன் வேலை செய்யுது. அவங்க வாயால எத்தனைன்னு கேட்டாத்தான் ஊசி தருவேன்."

நம்பர் ஜாபருக்கு மனப்பாடம். நம்பர் எல்லாமே மனப்பாடம். டாக்டர் ஞானஜோதி முழுக்கக் கேட்டார். அவர் திட்டவில்லை, அதுதான் ஜாபருக்கு என்னவோ செய்தது.

"இன்னிக்கு முழுக்கச் சாப்பிடல, மூணு வேண்டாம். புது ஊசியில கோடு இந்தக் காரத்துக்குத் தக்கபடி போட்டிருக்கும், அதுல ரெண்டு கோடு. ரெண்டே ரெண்டு. போட்டப்புறம் பக்கத்துலயே உட்காருங்க. தள்ளாடினாலோ, வலிப்பு மாதிரி இழுத்தாலோ, சர்க்கரைத் தண்ணியை விரல்ல தொட்டு ஈறுல தடவுங்க. வாய்க்குள்ள ஊத்தாதீங்க. தண்ணி வடிஞ்சதும் காலையில தூக்கிட்டு வாங்க."

"பொழைக்குமா டாக்டர்?"

"போடுங்க முதல்ல."

ஆறே முக்காலுக்கு ஊசி போட்டார்கள். சித்திகா தோலைப் பிடித்தாள், ஜாபர் இரண்டு கோட்டைப் படித்தார், அவள் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு தானும் படித்தாள், அப்புறம்தான் அவர் அழுத்தினார். முடிந்ததும் சர்க்கரையைக் கரைத்து ஒரு கிண்ணத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

செத்துப்போன பாட்டிலில் ஒன்று தரையில் கிடந்தது, மற்ற ஐந்தும் இன்னும் ஐஸ் பெட்டியில்தான் இருந்தன. சித்திகா எழுந்து போய் அவற்றை எடுத்து வந்து ஒவ்வொன்றாக லேபிளைக் கிழித்தாள்.

"அப்படியே இருக்கட்டுமே" என்றார் ஜாபர், பழக்கத்தில்.

"எதுக்கு? நாளைக்கு இருட்டுல கையில இதுதான் அகப்படும், தேங்காய் எண்ணெய் மாதிரிதானேன்னு நீங்க போடுவீங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. "மண்சட்டி போதும்னு சொன்னேன்ல."

"சொன்னே."

புதுக் குப்பியை அவள் ஒரு சின்ன டம்ளருக்குள் வைத்து, டம்ளரைத் தண்ணீர்ச் சட்டிக்குள் நிறுத்தி, ஈரத்துணியைப் போர்த்தி, அடுப்புக்கு எட்டாத மூலையில் கொண்டுபோய் வைத்தாள். ஜாபர் பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் விற்கிற மாதிரி ஒன்றும் அதில் இல்லை.

எட்டு மணி வாக்கில் பாதுஷாவின் உடம்பு ஒரு தடவை வெடுக்கென்று உதறியது. ஜாபரின் விரல் சர்க்கரைத் தண்ணீரில் முங்கிவிட்டது. சித்திகா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். இரண்டு பேரும் மூச்சு விடாமல் பார்த்தார்கள். பூனை முன்னங்காலை நீட்டி, தலையைத் திருப்பி, உதறிய இடத்தில் ஈயை விரட்டுவது போல ஒரு நக்கு நக்கிவிட்டுப் படுத்துக்கொண்டது. ஜாபர் விரலைத் துடைக்காமலேயே உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமை காலையில் மழை விட்டிருந்தது. தனக்கோடி ஆட்டோவைக் காயவைத்து எடுத்து வந்து வாசலில் நிறுத்தியிருந்தான், டாக்டரிடம் போவதற்கு. "பேஷன்ட் யாரு சார்" என்று கேட்டவனிடம் ஜாபர் இந்தத் தடவை உண்மையைச் சொன்னார். "அட, சுகர் பூனைக்கும் வருதா. எங்க அம்மாகிட்ட சொல்லணும், சந்தோசப்படும்" என்றான் அவன்.

கிளம்பும் நேரத்தில் எதிர்வீட்டுப் பையன் இன்வெர்ட்டரில் சார்ஜ் ஏற்றிக் கொடுத்த செல்போன் அடித்தது. நீளமான நம்பர். மக்காவிலிருந்து மைமூன்.

"ரெண்டு நாளா போன் போகல. அங்க மழைன்னு டிவியில சொன்னாங்க. ஜாபரு, அவன் எப்படி இருக்கான்?"

பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. இருபத்தெட்டு வருஷத்துப் பழக்கம், கூப்பிட்டால் வந்து நிற்கும். நல்லா இருக்கான் அக்கா, உன்னைத்தான் தேடறான். அவ்வளவுதான் சொல்லவேண்டியது.

ஜாபர் ஐஸ் பெட்டியில் ஆரம்பித்தார். உப்பு, தேங்காய் எண்ணெய், ஆரஞ்சு மூடி, ரோமத்துக்குள் போன ஊசி முனை, எல்லாவற்றையும் விலையை ஏற்றாமல் இறக்காமல் சொன்னார். லைன் அறுந்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். திரையில் நிமிஷங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"அக்கா?"

"இப்ப அவன் என்ன பண்றான்?" என்றாள் மைமூன். "போனை அவன் காதுகிட்ட வை. நான் பேசணும்."

ஜாபர் சமையலறைக்குப் போனார். சித்திகா தரையில் குந்தியிருந்தாள். அவள் முன்னால் தட்டு, தட்டின் முன்னால் பாதுஷா. பின்னங்கால் இன்னும் சரியாக ஊன்றவில்லை. அதைப் பற்றி அவனுக்குக் கவலையும் இல்லை. கோழித் துண்டு ஒன்றைத் தட்டு முழுக்கத் துரத்திக்கொண்டிருந்தான். ஜாபர் குனிந்து போனைக் காதருகே கொண்டுபோனதும், தலையைத் திருப்பாமலேயே ஒரு கையை ஓங்கிப் போனைத் தட்டிவிட்டான்.

"சாப்பிடறான் அக்கா" என்றார் ஜாபர். "இப்ப யார்கூடவும் பேச மாட்டான் போல இருக்கு."

"சாப்பிடட்டும். போனை அங்கேயே கீழ வை."

வைத்தார். வாசலில் தனக்கோடி ஹாரன் அடித்தான். சித்திகா கையைக் காட்டி அவனைப் பொறுக்கச் சொன்னாள். ஈரத் தரையில் கிடந்த அந்தப் போனுக்குள் இருந்து மைமூன், தட்டில் நாக்கு உரசுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.